காலியான நாற்காலி யாருக்கு? வி.வி. கிரியின் வாழ்க்கையிலிருந்து ஒரு பாடம்



சென்ற காலாண்டில் நம் சங்கத்தின் துணைத் தலைவர் வேலை மாற்றலாகி வெளியூர் சென்றது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் வீட்டைக் காலி செய்த அன்று இரவே நம் வாட்ஸ்அப் குழு சூடாகிவிட்டது. செயலாளர்தான் அடுத்த நிலையில் இருப்பவர், அவர் தானாகவே துணைத் தலைவர் ஆகிவிடுவார் என்றார்கள் சிலர். போன தேர்தலில் இரண்டாவதாக வந்தவருக்குத்தான் பதவி சேரும் என்றார்கள் வேறு சிலர். தலைவரே ஒருவரைப் பெயர் சொல்லி நியமித்துவிடலாம் என்பது மூன்றாவது கட்சி. தண்ணீர் லாரிக் கணக்கைப் பேசிக்கொண்டிருந்த குழுவில் இரண்டு நாள் அரசியல் சட்டம் ஓடியது. லிஃப்டில் எதிரெதிரே நின்றும் பேசாமல் போனவர்களும் உண்டு.

இந்தப் பேச்சில் ஒரு விஷயம் கவனத்தில் பட்டது. மூன்று கட்சியினருமே நாட்டின் குடியரசுத் துணைத் தலைவரை உதாரணமாகக் காட்டினார்கள். குடியரசுத் தலைவர் இறந்தால் துணைத் தலைவர் அந்தப் பதவிக்கு ஏறிவிடுவார், அவருக்குக் கீழே இருப்பவர் துணைத் தலைவர் ஆகிவிடுவார், படிக்கட்டு போல எல்லாம் ஒரு படி மேலே நகரும் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பள்ளிப் பாடத்தில் படித்ததும், ஆங்கிலப் படத்தில் பார்த்ததும், அமெரிக்கச் செய்தியில் கேட்டதும் ஒன்றாகக் கலந்துவிட்டன. உண்மை வேறு.

அந்த உண்மையைச் சட்டப் பிரிவுகளாக அடுக்கினால் நீங்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவீர்கள். அதனால் இந்த இதழின் 'வாழ்ந்து காட்டியவர்கள்' பகுதியில், அந்தச் சிக்கலுக்குள்ளேயே இருந்து வெளியே வந்த ஒரு மனிதரின் கதையைத் தருகிறோம். துணைத் தலைவராக இருந்தவர், தலைவரின் வேலையைப் பொறுப்பாகப் பார்த்தவர், இரண்டையும் விட்டு இறங்கியவர், பிறகு வாக்கு வாங்கித் தலைவரானவர். அவர்தான் வராககிரி வேங்கட கிரி. நாம் அறிந்த பெயர் வி.வி. கிரி.

பெர்ஹாம்பூரிலிருந்து டப்ளினுக்கு

கிரி 1894 ஆகஸ்ட் 10 அன்று பெர்ஹாம்பூரில் பிறந்தார். இன்று அந்த ஊர் ஒடிசாவில் இருக்கிறது. அன்று சென்னை மாகாணத்தின் கஞ்சம் மாவட்டம். அப்பா ஜோகையா பந்துலு பெயர் பெற்ற வழக்கறிஞர். பெற்றோர் இருவருமே தேசிய இயக்கத்தில் ஈடுபாடு உள்ளவர்கள்.

கிரி சிறுவனாக இருந்த நாட்களில் நம் ஊர் எப்படி இருந்தது என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டார். 1908இல் இங்கே கோரல் மில் தொழிலாளர்கள் கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றார்கள். தொழிலாளியின் கூலியும் நாட்டின் விடுதலையும் ஒரே மேடையில் பேசப்பட்ட தொடக்க கால நிகழ்ச்சிகளில் அது ஒன்று. அப்போது கிரிக்கு வயது 13. அவர் பிற்காலத்தில் நடந்த பாதையும் அதே பாதைதான்.

1913இல் சட்டம் படிக்க அயர்லாந்தின் டப்ளினுக்குப் போனார். அங்கே ஐரிஷ் மக்கள் ஆங்கில ஆட்சிக்கு எதிராகப் போராடிக்கொண்டிருந்தார்கள். 1916இல் ஈஸ்டர் எழுச்சி நடந்தது. அந்த இயக்கத்தோடு தொடர்பு வைத்திருந்தவர் என்ற சந்தேகத்தில் கிரி அந்த நாட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. ஊர் திரும்பி வழக்கறிஞர் தொழில் செய்தார். ஒத்துழையாமை இயக்கம் வந்ததும் அதை விட்டார். சிறைக்கும் போனார்.

ரயில்வே தொழிலாளர்களின் தோழர்

அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ரயில்வே தொழிற்சங்கம். பெங்கால் நாக்பூர் ரயில்வே தொழிலாளர்களை அமைப்பாகத் திரட்டினார். அகில இந்திய ரயில்வே ஊழியர் சம்மேளனத்தை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். 1926இல் ஏஐடியுசி தலைவரானார். அடுத்த ஆண்டு ஜெனீவாவில் நடந்த சர்வதேசத் தொழிலாளர் மாநாட்டுக்கும், 1931இல் லண்டனில் நடந்த இரண்டாம் வட்டமேசை மாநாட்டுக்கும் தொழிலாளர் பிரதிநிதியாகப் போனார்.

1937 தேர்தலில் பொப்பிலி தொகுதியில் பொப்பிலி ராஜாவையே தோற்கடித்தார். ராஜாஜி அமைச்சரவையில் தொழிலாளர், தொழில் துறை அமைச்சரானார். முதலாளியும் தொழிலாளியும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும், எதற்கெடுத்தாலும் அரசின் தீர்ப்பாயத்துக்கு ஓடக் கூடாது என்பது அவருடைய கொள்கை. தொழிலாளர் துறையில் இதற்குக் 'கிரி அணுகுமுறை' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

நாடு விடுதலை அடைந்ததும் 1947இல் இலங்கைக்கான இந்தியாவின் முதல் ஹை கமிஷனராகக் கொழும்பு சென்றார். நம் கடற்கரைக்கு எதிர்க்கரை அது. இங்கிருந்து தோணிகள் சரக்கு ஏற்றிக்கொண்டு போன ஊர். கிரி அங்கிருந்த நான்கு ஆண்டுகளில்தான் 1948, 1949 ஆண்டுகளின் குடியுரிமைச் சட்டங்கள் வந்தன. தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள். சட்டத்தில் ஒரு வரி எப்படி எழுதப்படுகிறது என்பது எத்தனை குடும்பங்களின் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் அவர்.

1952இல் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு நேரு அமைச்சரவையில் தொழிலாளர் துறை அமைச்சரானார். 1954இல் வங்கி ஊழியர்களின் சம்பளம் குறித்துத் தீர்ப்பாயம் கொடுத்த முடிவை அரசு மாற்றியமைத்தபோது, அதில் உடன்பாடு இல்லை என்று பதவியை விட்டு விலகினார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பதவியிலிருந்து இறங்குவது அவருக்குப் புதிதல்ல. வங்கிகளும் அவர் கதையில் மறுபடி வரும்.

மூன்றாவதாக வந்தவர் தொடுத்த வழக்கு

1957 தேர்தலில் கிரி ஆந்திராவின் பார்வதிபுரம் தொகுதியில் நின்றார். அந்தக் காலத்தில் சில தொகுதிகளுக்கு இரண்டு உறுப்பினர்கள். ஒரு இடம் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது, மற்றொன்று பொது இடம். வாக்குகளை எண்ணியபோது முதல் இரண்டு இடங்களிலும் பழங்குடி வேட்பாளர்களே வந்தார்கள். கிரி மூன்றாவது.

பழங்குடி வேட்பாளருக்கு ஒதுக்கப்பட்ட இடம்தான் உண்டு, பொது இடம் தனக்கே சேர வேண்டும் என்று கிரி வழக்குத் தொடுத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1959இல் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. ஒதுக்கீட்டு இடத்துக்குத் தகுதி உள்ளவருக்குப் பொது இடத்துக்கும் தகுதி உண்டு, அதிக வாக்கு வாங்கியவரே வென்றவர் என்பது அதன் சாரம்.

சட்டம் படித்தவர், அமைச்சராக இருந்தவர். அவரே ஒரு நாற்காலி யாரைச் சேரும் என்பதில் நீதிமன்றம் ஏற்காத ஒரு வாதத்தோடு நின்றார். ஆகவே வாட்ஸ்அப்பில் தவறாகச் சொல்லிவிட்ட நம் அண்டை வீட்டார் யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

பிறகு உத்தரப் பிரதேசம், கேரளம், மைசூர் என்று மூன்று மாநிலங்களுக்கு ஆளுநராக இருந்தார். 1967 மே 13 அன்று குடியரசுத் துணைத் தலைவரானார்.

1969: கயிறு பிடித்த 78 நாட்கள்

1969 மே 3 அன்று குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் பதவியில் இருக்கும்போதே காலமானார். இந்தியாவில் அப்படி நடந்தது அதுவே முதல் முறை. அன்றே கிரி குடியரசுத் தலைவரின் பணிகளைப் பொறுப்பேற்றார்.

இங்கேதான் நாம் எல்லோரும் தவறு செய்கிறோம். அவர் குடியரசுத் தலைவர் ஆகவில்லை. குடியரசுத் தலைவராகச் செயல்பட்டார், அவ்வளவே. நம் அரசியல் சட்டத்தின் 65ஆவது பிரிவு சொல்வது இதைத்தான். புதிய குடியரசுத் தலைவர் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பதவி ஏற்கும் நாள் வரை துணைத் தலைவர் அந்த வேலையைப் பார்ப்பார். அந்தத் தேர்தலை ஆறு மாதத்துக்குள் நடத்தியாக வேண்டும்.

நம் கடற்கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கடலுக்குள் இறங்குபவர் ஒருவர், மேலே தோணியில் கயிறு பிடிப்பவர் ஒருவர். அந்தக் கயிற்றை மச்சானிடம்தான் கொடுப்பார்கள் என்று இங்கே சொல்வதுண்டு. தங்கையின் தாலி அவர் கையில் இருக்கிறது என்பதால் பிடி தளராதாம். கயிறு பிடிப்பது உயிரைக் காக்கும் வேலை, சின்ன வேலை அல்ல. ஆனால் கயிறு பிடித்தவர் என்பதற்காக முத்து அவருடையது ஆகிவிடாது. கிரி செய்தது கயிறு பிடிக்கும் வேலை.

அந்த 78 நாட்களில் அவர் கையெழுத்துக்கு முழு அதிகாரம் இருந்தது. பொறுப்பில் இருப்பவர் என்றால் பாதி அதிகாரம் என்று நினைப்பது இன்னொரு தவறான எண்ணம். ஜூலை 19 அன்று நாட்டின் 14 பெரிய வங்கிகளை அரசுடைமை ஆக்கும் அவசரச் சட்டத்தில் கையெழுத்திட்டவர் கிரிதான். வைப்புத்தொகை 50 கோடி ரூபாய்க்குக் குறையாத இந்திய வங்கிகளை மட்டுமே அந்தச் சட்டம் எடுத்துக்கொண்டது. 1921இல் நாடார் வங்கியாக நம் ஊரில் தொடங்கி, 1962இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறிய நம் வங்கி அந்தப் பட்டியலில் இல்லை. இன்றும் அது தூத்துக்குடியைத் தலைமையிடமாகக் கொண்ட தனியார் வங்கியாகவே இருக்கிறது. உங்களில் பலருக்கு அங்கே கணக்கு இருக்கும்.

இரண்டு நாற்காலியும் காலி

மறுநாள் ஜூலை 20. கிரி பதவி விலகினார்.

அவர் குடியரசுத் தலைவர் தேர்தலில் நிற்க விரும்பினார். ஆளும் காங்கிரஸ் கட்சி அவரை நிறுத்தவில்லை, நீலம் சஞ்சீவ ரெட்டியை நிறுத்தியது. கிரி சுயேச்சையாக நிற்பது என்று முடிவு செய்தார். பதவியில் இருந்துகொண்டே நிற்கச் சட்டத்தில் தடை இல்லை. அவருக்கு முன் ராதாகிருஷ்ணனும் ஜாகிர் உசேனும் துணைத் தலைவர்களாக இருந்தபடியேதான் போட்டியிட்டார்கள். கிரி விலகித்தான் நின்றார். மேல் பதவிக்கு ஆசைப்பட்டுப் பொறுப்பை நடுவில் விட்டுவிட்டார் என்று குறை சொன்னவர்களும் அன்று உண்டு. அதையும் சேர்த்தே நீங்கள் அவரை எடைபோட வேண்டும். ஆனால் தோற்றிருந்தால் அவர் கையில் எந்தப் பதவியும் மிஞ்சியிருக்காது என்பதும் உண்மை. அவருக்கு வயது 75ஐ நெருங்கிக்கொண்டிருந்தது.

அவர் விலகியதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. குடியரசுத் துணைத் தலைவர் விலகினால் கடிதத்தைக் குடியரசுத் தலைவருக்கு எழுத வேண்டும். குடியரசுத் தலைவர் விலகினால் துணைத் தலைவருக்கு எழுத வேண்டும். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அன்று குடியரசுத் தலைவர் என்று ஒருவர் இல்லை, அவருடைய வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த துணைத் தலைவரே விலகுகிறார்!

சரி, இரண்டு நாற்காலியும் காலி. இனி நாட்டின் கோப்புகளில் யார் கையெழுத்திடுவது? பிரதமரா? மக்களவை சபாநாயகரா? இரண்டும் இல்லை. அரசியல் சட்டம் 1950இல் நடைமுறைக்கு வந்தபோது இந்த நிலைக்கு அதில் நேரடியான விடை இல்லை. இப்படி எதிர்பாராத நிலை வந்தால் என்ன செய்வது என்பதை நாடாளுமன்றம் சட்டம் இயற்றி முடிவு செய்யலாம் என்று மட்டும் 70ஆவது பிரிவில் இருந்தது. ஜாகிர் உசேன் மறைந்த அதே மே மாதத்தில் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தை நிறைவேற்றியது. இரண்டு பதவியும் காலியானால் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி குடியரசுத் தலைவரின் வேலையைப் பார்ப்பார். அவரும் இல்லையென்றால் அந்த நீதிமன்றத்தின் மூத்த நீதிபதி. அந்தச் சட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்ததும் அன்று பொறுப்பில் இருந்த கிரிதான். தான் இறங்கிப் போகும் வழிக்கான கதவு அவர் கையெழுத்தோடுதான் திறந்தது.

அப்படி வந்தவர் தலைமை நீதிபதி ஹிதாயதுல்லா. ஜூலை 20 முதல் ஆகஸ்ட் 24 வரை அவரே குடியரசுத் தலைவராகச் செயல்பட்டார். அந்த இடைவெளியில் அமெரிக்க அதிபர் நிக்சன் தில்லி வந்தார். அவரை வரவேற்கும் பொறுப்பு ஒரு நீதிபதியைச் சேர்ந்தது. பிறகு ஹிதாயதுல்லா மறுபடி நீதிமன்றத்துக்கே திரும்பிவிட்டார். 35 நாள் அந்த மாளிகையின் பொறுப்பில் இருந்தும், அது தனக்குச் சேர வேண்டிய இடம் என்று அவர் கேட்கவில்லை. கேட்கச் சட்டமும் இடம் தரவில்லை.

ஆகஸ்ட் 16 அன்று குடியரசுத் தலைவர் தேர்தல். கிரி, சஞ்சீவ ரெட்டி, சி.டி. தேஷ்முக் ஆகிய மூவருக்கும் இடையில்தான் உண்மையான போட்டி. பிரதமர் இந்திரா காந்தி மனசாட்சிப்படி வாக்களிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். தமிழ்நாட்டில் ஆளும் கட்சியாக இருந்த திமுக கிரியை ஆதரித்தது. காமராஜர் சஞ்சீவ ரெட்டியின் பக்கம். முதல் சுற்றில் யாருக்கும் தேவையான பெரும்பான்மை கிடைக்கவில்லை. இரண்டாம் விருப்ப வாக்குகளையும் எண்ணிய பிறகு கிரிக்கு 4,20,077, ரெட்டிக்கு 4,05,427. முதல் சுற்றில் ஒருவரும் தேறாமல் இரண்டாம் விருப்ப வாக்கால் முடிவான குடியரசுத் தலைவர் தேர்தல் அது. ஆகஸ்ட் 24 அன்று பதவி ஏற்றார். ஜாகிர் உசேனின் மிச்ச காலத்துக்கு அல்ல, முழு ஐந்து ஆண்டுகளுக்கு.

துணைத் தலைவர் நாற்காலி என்ன ஆயிற்று?

நம் சண்டைக்கு நேரடியாகப் பொருந்தும் இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

கிரி விலகியதும் குடியரசுத் துணைத் தலைவர் பதவி காலியானது. குடியரசுத் துணைத் தலைவர்தான் மாநிலங்களவையின் தலைவர். கிரி குடியரசுத் தலைவராகச் செயல்பட்ட நாட்களில் அந்த வேலையை அவர் பார்க்கக் கூடாது என்பது விதி. ஆகவே மே மாதம் முதலே அவையை நடத்தும் பொறுப்பு மாநிலங்களவைத் துணைத் தலைவர் வயலட் ஆல்வாவிடம் இருந்தது. 1962 முதல் அந்தப் பதவியில் இருந்த அனுபவசாலி அவர்.

காலியான இடம் அவருக்குப் போனதா? இல்லை. 1967 தேர்தலில் கிரியிடம் தோற்றவருக்குப் போனதா? இல்லை. பிரதமரோ குடியரசுத் தலைவரோ ஒருவரை நியமித்தார்களா? அதுவும் இல்லை. புதிதாகத் தேர்தல் நடந்தது. நாடாளுமன்றத்தின் இரு அவை உறுப்பினர்களும் ரகசிய வாக்களித்து கோபால் ஸ்வரூப் பாடக்கைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் மைசூர் ஆளுநராக இருந்தவர். அந்தப் பதவியிலும் கிரிக்குப் பின் வந்தவர் அவரே. ஆகஸ்ட் 31 அன்று பொறுப்பேற்றார். ஏறத்தாழ ஆறு வாரம் இந்தியாவுக்குக் குடியரசுத் துணைத் தலைவரே இல்லை. நாடு நின்றுவிடவில்லை.

68ஆவது பிரிவு சொல்வது இரண்டு விஷயம். மரணம், விலகல், நீக்கம் எதனால் காலியானாலும், கூடிய சீக்கிரம் தேர்தல் நடத்த வேண்டும். குடியரசுத் தலைவர் பதவிக்கு உள்ளது போல ஆறு மாதக் கெடு இதற்கு இல்லை. தேர்ந்தெடுக்கப்படுபவர் முன்னவரின் மிச்ச காலத்துக்கு அல்ல, முழுதாக ஐந்து ஆண்டுகளுக்கு வருகிறார்.

நம் பட்டுக்கோட்டைப் பக்கத்து ஆர். வெங்கட்ராமன் 1987 ஜூலையில் துணைத் தலைவர் பதவியிலிருந்து குடியரசுத் தலைவரானபோதும் இதே கதைதான். அவரும் தேர்தலில் வென்றே மேலே போனார். அவர் விட்டுப்போன இடத்துக்குச் சங்கர் தயாள் சர்மா செப்டம்பரில் வந்தார். 2025 ஜூலை 21 அன்று ஜெகதீப் தன்கர் விலகியபோது பலரும் மறுபடி இதே கேள்வியைக் கேட்டோம். மாநிலங்களவைத் துணைத் தலைவர் ஹரிவன்ஷ் அவையை நடத்தினார், ஆனால் குடியரசுத் துணைத் தலைவர் ஆகவில்லை. செப்டம்பர் 9 அன்று தேர்தல் நடந்து திருப்பூரைச் சேர்ந்த சி.பி. ராதாகிருஷ்ணன் வென்றார். தன்கர் விட்டுப்போன இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும் என்று நினைத்தவர்கள் பலர். அவருடைய பதவிக்காலமும் முழு ஐந்து ஆண்டுகள்தான்.

அமெரிக்காவில் அப்படி இல்லையே?

இல்லைதான். நம் குழப்பத்துக்குப் பாதிக் காரணமே அதுதான். அங்கே அதிபர் இறந்தாலோ விலகினாலோ துணை அதிபர் நிஜமாகவே அதிபர் ஆகிவிடுகிறார். செயல்படுவது மட்டும் அல்ல. மிச்ச காலம் முழுவதும் அவர்தான்.

ஆனால் காலியாகும் துணை அதிபர் பதவி? 1967 வரை அதை நிரப்ப வழியே இல்லை. 16 முறை காலியாகி, அடுத்த தேர்தல் வரை அப்படியே கிடந்திருக்கிறது. கென்னடி கொல்லப்பட்ட பிறகு ஓராண்டுக்கு மேல் துணை அதிபர் இல்லாமலே ஆட்சி நடந்தது. 1967இல் நிறைவேறிய 25ஆவது திருத்தத்துக்குப் பிறகு, அதிபர் ஒருவரைப் பெயர் சொல்ல, இரு அவைகளும் பெரும்பான்மையால் ஏற்க வேண்டும். இதைப் பயன்படுத்திய முதல் அதிபர், 1969இல் தில்லி வந்த அதே நிக்சன். 1973இல் துணை அதிபர் அக்னியூ விலக, ஜெரால்டு ஃபோர்டு வந்தார். 1974இல் நிக்சனே விலக, ஃபோர்டு அதிபரானார். அவர் இடத்துக்கு ராக்ஃபெல்லர் வந்தார். அங்கேயும் சபாநாயகர் தானாகத் துணை அதிபர் ஆவதில்லை. இரண்டு இடமும் காலியானால் அதிபரின் பணியை ஏற்கும் வரிசையில்தான் அவர் வருகிறார்.

ஆக, இரண்டு நாடு, இரண்டு விதி. நம் வாட்ஸ்அப் குழுவில் அந்த நாட்டின் விதியை இந்த நாட்டின் பெயரில் சொல்லிக்கொண்டிருந்தோம்.

மாளிகைக்குப் பிறகு

கிரியின் வெற்றி எளிதில் அடங்கவில்லை. அந்த ஆண்டே காங்கிரஸ் இரண்டாக உடைந்தது. அவருடைய தேர்தல் செல்லாது என்று உச்ச நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. பதவியில் இருந்த குடியரசுத் தலைவர் நேரில் வந்து சாட்சியம் அளித்தார். 1970இல் வழக்கு தள்ளுபடியானது. ஒரு வழக்கில் தோற்றவர், இன்னொன்றில் வென்றார். இரண்டு முறையும் நீதிமன்றம் சொன்னதை ஏற்று நடந்தார்.

அவருடைய பதவிக்காலத்தில்தான், 1974 ஜூலை 11 அன்று, நம் தூத்துக்குடித் துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் நாடெங்கும் ரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அரசு அதைக் கடுமையாக அடக்கியது. ரயில்வே சங்கத்தில் வளர்ந்தவர் அப்போது குடியரசுத் தலைவர் நாற்காலியில் இருந்தார். வாழ்நாள் முழுதும் பேச்சுவார்த்தைக்காக வாதாடியவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறோம்.

1974 ஆகஸ்ட் 24 அன்று ஓய்வு பெற்றார். 1975இல் பாரத ரத்னா வழங்கப்பட்டது. கடைசிக் காலத்தைச் சென்னையில் கழித்து, 1980 ஜூனில் அங்கேயே காலமானார். நொய்டாவில் உள்ள தேசியத் தொழிலாளர் ஆய்வு நிறுவனம் இன்று அவர் பெயரில் இயங்குகிறது.

இனி நம் சங்கம்

குடியரசுத் துணைத் தலைவருக்கான விதி நம் சங்கத்துக்குப் பொருந்தாது. நமக்கு நம் துணை விதிகள். நடுவில் காலியாகும் பதவியை எப்படி நிரப்புவது என்று அதில் தனியாக ஒரு விதி இருக்கிறது. ஒவ்வொரு சங்கத்திலும் இது ஒவ்வொரு மாதிரி இருக்கும். சில இடங்களில் நிர்வாகக் குழு அடுத்த பொதுக்குழு வரை ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம், சில இடங்களில் தேர்தல்தான் வழி. மிச்ச காலத்துக்கா முழுக் காலத்துக்கா என்பதும் அங்கேதான் எழுதியிருக்கும். வீடு வாங்கும்போது பத்திரத்தோடு சேர்த்து உங்களுக்குக் கொடுத்த அந்தச் சிறு புத்தகத்தைப் பீரோவிலிருந்து எடுத்து ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள். கிடைக்காதவர்களுக்கு அலுவலக அறையில் நகல் இருக்கிறது.

இடையில் லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தத்தையும், தீயணைப்புக் கருவிப் பரிசோதனையையும் செயலாளர் பார்த்துக்கொள்கிறார். அவை துணைத் தலைவர் பார்த்துவந்த வேலைகள். அவருக்கு நன்றி. அவர் இப்போது கயிறு பிடித்துக்கொண்டிருக்கிறார். அந்த இடத்துக்கு அவரே வர வேண்டும் என்று விரும்புகிறவர்கள் பொதுக்குழுவில் அவர் பெயரை முன்மொழியுங்கள். வேறொருவர் வேண்டும் என்பவர்களும் அங்கேயே சொல்லுங்கள். யார் வந்தாலும் நம் கை தூக்கியதால் வந்தவராக இருக்கட்டும். நாளை பராமரிப்புக் கட்டணத்தை உயர்த்தும்போது, இவரை யார் உட்காரவைத்தது என்று ஒருவரும் கேட்க முடியாது அல்லவா?

பொதுக்குழுவில் சந்திப்போம். லிஃப்டில் பார்க்கும்போது பேசாமல் இருப்பவர்கள் அதற்கு முன்பே ஒரு வணக்கம் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
மலர்க் குழுவினர்